பூக்காத ஓர்கிட்டுகளோடு ஐந்து ஆண்டுகள்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடொன்றின் பல்கனிதான் என் தோட்டம். அங்கு முதலில் வந்து சேர்ந்தது ஃபலனொப்சிஸ் வகை ஓர்கிட். வாங்கும்போதே வெள்ளைப் பூக்கள் வரிசையாக விரிந்திருந்தன; இரண்டு மாதம் வாடாமல் நின்று உதிர்ந்த பின்னர், இரண்டு ஆண்டுகளாக இலையைத் தவிர வேறெதையும் அது காட்டவில்லை. பூக்க வைக்கும் என்று கடையில் தந்த சிறு போத்தல் மருந்துக்குக் கொடுத்த காசு வீண். அந்த இனம் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து 25 பாகையை ஒட்டிய குளிர்ச்சி வேண்டும் என்பதும், பகலில் 30 பாகையை எட்டி இரவிலும் புழுங்கும் கொழும்பில் அது எளிதில் வாய்க்காது என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கின. குளிரான மலைநாட்டில், பண்டாரவளையிலுள்ள அக்காவிடம் கொடுத்துவிட்டேன். நான்காம் மாதமே தண்டு விட்டதாகப் படம் அனுப்பினார்.

அடுத்து வாங்கிய ஊதா நிற டென்ட்ரோபியம் வெப்பத்தை விரும்புவது. ஆனால் அதைச் சமையலறை யன்னலோரம் வைத்து, இலைகள் கரும்பச்சையாக மினுங்குவதைக் கண்டு ஓராண்டு மகிழ்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அன்ரி ஒரு நாள் எட்டிப் பார்த்து, "பிள்ளை, இலை இவ்வளவு கறுத்திருந்தால் வெளிச்சம் காணாது எண்டுதான் அர்த்தம்" என்றார். அன்றே பல்கனிக்கு மாற்றினேன், அதிலும் அவசரம்: மேற்கு வெயில் இரண்டு இலைகளை முதலில் வெளிறச் செய்து பிறகு கருக்கிவிட்டது. பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையைக் கட்டி, இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்கியிருக்க வேண்டும். வலை கட்டிய பின் இலைகள் இளம்பச்சைக்கு மாறின. மூன்றாம் மாதம் தண்டின் நுனியில் பென்சில் முனை போல ஒரு பூந்தண்டு நீட்டிக்கொண்டு வந்தது. இலையுதிர்த்து மொட்டையாய் நின்ற பழைய தண்டொன்றும் அதே மாதம் பூத்தது. அதைத்தான் வெட்டி எறிய நினைத்திருந்தேன்!

தண்ணீரை வேரைப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன். காய்ந்த வேர் வெள்ளி நிறமாக இருக்கும், நனைந்ததும் பச்சையாகும். மறுபடி வெளுக்கும் வரை நான் தொடுவதில்லை. தேங்காய்ப் பொச்சு நிரப்பிய தொட்டியில் தென்மேல் பருவமழைக் காலத்தில் வேர் அழுகிப்போனதால், இப்போது சிரட்டைக் கரியும் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் மட்டுமே.

கடைசியாக, அன்ரி பிரித்துத் தந்த புறா ஓர்கிட். நம் நாட்டுக் காடுகளிலும் இயல்பாக வளரும் இதற்கு வாரக்கணக்கான குளிர் தேவையில்லை. திடீர் மழையில் வெப்பநிலை ஐந்து பாகை அளவு சட்டென்று இறங்கினால் போதும், உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்து ஏறத்தாழ ஒன்பதாம் நாளில் விரியும். கடந்த ஏப்ரலில் இடியோடு மழை கொட்டிய மாலையை நாட்காட்டியில் குறித்து வைத்தேன். ஒன்பதாம் நாள் காலை வாசம் தேடிப் பல்கனிக்கு வந்தால், அன்ரியின் தொட்டியிலும் என் தொட்டியிலும் ஒரே நேரத்தில் வெள்ளைப் பூக்கள். மாலையில் இரண்டும் சேர்ந்தே வாடின.