இன்ஸ்பயர் மானக்: பிள்ளையோட சொந்த ஐடியாவ ஏத்தவா, யூடியூப் புராஜெக்ட்ட ஏத்தவா?

உசிலை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு அரசுப் பள்ளில சயின்ஸ் எடுக்குறேன். பள்ளிப் பிள்ளைகளோட புது ஐடியாவுக்கு மத்திய அரசு பத்தாயிரம் ரூபா குடுக்குற இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு பதிவு ஓடிட்டு இருக்குல்ல, பள்ளிக்கு அஞ்சு ஐடியா வரைக்கும் ஏத்தலாம்னாங்க, நாலு முடிச்சாச்சு, அஞ்சாவதுலதான் இழுபறி.

எட்டாவது படிக்கிற பிள்ளை ஒண்ணு, அவங்க அம்மா மல்லி எடுக்கப் போறவங்க. விடியக்காலம் மூணு நாலு மணிக்கே தலைல டார்ச்ச கட்டிட்டு தோட்டத்துல இறங்கணும், மொட்டு விரியறதுக்குள்ள எடுத்து மார்க்கெட்டுக்கு ஏத்தியாகணும். டார்ச் நெத்தில இருக்குறதால பூச்சி பூரா மூஞ்சிலயே வந்து மோதுது, கண்ணுல விழுது, அதத் தட்டித் தட்டியே பாதி நேரம் போகுதாம். இந்தப் பிள்ளை என்ன செஞ்சிருக்குன்னா லைட்ட தலைல இருந்து இறக்கி மணிக்கட்டுல கட்டிருச்சு. பழைய வாட்ச் பட்டை, சின்ன எல்இடி, பட்டன் செல், மேல அட்டைல ஒரு மூடி, வெளிச்சம் விரல் நுனில மட்டும் விழுகுற மாதிரி. இன்னிக்கு எடுக்க வேண்டிய வெள்ளை மொட்டு எது, நாளைக்கு விட வேண்டிய பச்சை மொட்டு எதுன்னு நல்லா தெரியுதுன்னு அவங்க அம்மாவே பள்ளிக்கு வந்து சொன்னாங்க.

எங்க ஹெச்எம் நல்ல மனுசர்தான், ஆனா இது ரொம்ப சாதாரணமா இருக்கு டீச்சர், சென்சார் வச்ச குப்பைத்தொட்டி வீடியோ ஒண்ணு இருக்கு அதையே போட்டுவிடுங்கங்குறார். எனக்கு மனசு ஒப்பல. இதப் பாக்குறது யாரு, இஸ்ரோவா வேற துறையா, தமிழ்ல எழுதலாமா, பத்தாயிரம் ரூபா பள்ளிக்கு வருமா பிள்ளைக்கு வருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேலூர் வாத்தியார்:

டீச்சர், கண்ண மூடிட்டு அந்தப் பிள்ளையோடத ஏத்துங்க. நான் பிள்ளைகள கூட்டிட்டு மாவட்டக் கண்காட்சிக்கு போயிட்டு வர்றவன், அங்க பாக்குறத சொல்றேன். குப்பைத்தொட்டி, மழை வந்தா துணிய உள்ள இழுக்குற கம்பி, கண்ணு தெரியாதவங்களுக்கு சத்தம் போடுற குச்சி, இந்த மூணும் வரிசையா உக்காந்திருக்கும். நடுவர் வந்து இந்த வயர எதுக்கு இங்க குடுத்திருக்கனு ஒரே ஒரு கேள்வி கேட்டா பிள்ளை வாத்தியார் மூஞ்சியப் பாக்கும். பாவம்ங்க, அது செஞ்சிருந்தாத்தான சொல்லும், கடைல காசு குடுத்து வாங்கியாந்தத அது எப்படி சொல்லும்.

நடத்துறது இஸ்ரோ இல்ல, மத்திய அரசோட அறிவியல் தொழில்நுட்பத் துறை, டிஎஸ்டினு சொல்வாங்க. ஐடியாவ சலிச்சு எடுக்குறது குஜராத்துல இருக்குற தேசிய புத்தாக்க அறக்கட்டளை, அதுவும் அந்தத் துறைக்கு கீழதான். நாடு முழுக்க 10 லட்சம் ஐடியா வாங்கி அதுல 1 லட்சத்துக்கு பத்தாயிரம் குடுக்குறதுங்குறதுதான் திட்டம். மாவட்டத்துல இருந்து மாநிலத்துக்கு 10,000 பேர், தேசிய அளவுக்கு 1,000 பேர், கடைசில 60 பேரு. முதல் கட்டத்துல பாக்குறது ஐடியா புதுசா, பிள்ளையோடதா, யாருக்காச்சும் உபயோகப்படுமாங்குறத மட்டும்தான், மினுமினுன்னு மாடல் இருக்கானு இல்ல. ஏற்கனவே ஊரெல்லாம் சுத்துற ஐடியா அங்கயே கழிஞ்சுரும்.

தமிழ்ல தாராளமா எழுதலாம். பிள்ளை சொல்றத அப்படியே எழுதுங்க, நீங்க பாடப்புத்தக பாஷைல மாத்திறாதீங்க. பணம் பிள்ளை பேர்ல இருக்குற அக்கவுண்ட்டுக்கு நேரா வரும், பள்ளிக்கு வராது. முன்ன பத்தாவது வரைக்கும்தான் இருந்துச்சு, இப்ப பிளஸ் டூ வரைக்கும் ஆக்கிட்டாங்க. பதிவுக்கு ஒத்தக் காசு கட்டவேணாம், யாராச்சும் நான் வாங்கித்தரேன்னு காசு கேட்டா அங்கிட்டு போகச் சொல்லிருங்க.

திருமங்கலம் பூக்காடு:

நாங்களும் ஒரு அரை ஏக்கர் மல்லி வச்சிருக்கோம்ங்க, அதான் எழுதுறேன். அந்தப் பிள்ளை கிட்ட மூணு விசயம் கேளுங்க. மொத விசயம், பூ எடுக்குறவங்க ரெண்டு கையாலயும் எடுப்பாங்க, ஒரு கைல மட்டும் லைட்டு இருந்தா அடுத்த கை இருட்டுல நிக்கும், ரெண்டுலயும் கட்டணுமா இல்ல இடுப்புல மடி கட்டுற இடத்துல ஒண்ணு வைக்கலாமானு அது யோசிக்கட்டும். அப்புறம் பனி, விடியக்காலம் செடி பூரா ஈரமா இருக்கும், அட்டை மூடி ஊறிப்போயிரும், ஏதாச்சும் பாட்டில் மூடி வச்சுப் பாக்கச் சொல்லுங்க.

மூணாவதுதான் முக்கியம். வெள்ளை லைட்டுக்கு வர்ற அளவு பூச்சி மஞ்ச லைட்டுக்கு வராது, நீல வெளிச்சம் கலந்திருந்தாத்தான் ஜாஸ்தியா வரும். மஞ்ச கண்ணாடித்தாள் ஒட்டி ஒரு நாள், ஒட்டாம ஒரு நாள், ஒரே நேரத்துல எத்தன பூச்சி வருதுன்னு பிள்ளையே எண்ணி நோட்டுல எழுதட்டும். ஆனா மஞ்ச வெளிச்சத்துல வெள்ளை மொட்டும் பச்சை மொட்டும் பிரிச்சுத் தெரியுதானும் சேத்துப் பாக்கணும், அது தெரியலன்னா பிஞ்சையும் சேத்துக் கிள்ளிருவாங்க, மறுநாள் பூ போச்சு. மதுரை மல்லிக்கு 2013லயே புவிசார் குறியீடு வந்துருச்சு, பெரும பேசுறோம், அத எடுக்குற பொம்பளைகளுக்கு ஒரு நல்ல லைட்டு யோசிக்க ஒரு எட்டாவது பிள்ளை வர வேண்டியிருக்கு. இதப் போயி சாதாரணம்னா எப்படிங்க.

பல்கலைநகர் ஆய்வு மாணவி:

துறை எதுனு டீச்சர் கேட்டதுக்கு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இங்க நெறய பேருக்கு குழப்பம் இருக்கு. டெல்லில அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகம்னு ஒண்ணு, அதுக்குள்ள மூணு துறை. 1971ல ஆரம்பிச்ச டிஎஸ்டி, அப்புறம் உயிரி தொழில்நுட்பத்துக்கு ஒண்ணு, தொழில் ஆராய்ச்சிக்கு ஒண்ணு. காரைக்குடில சிக்ரினு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்குல்ல, அது அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தோட (சிஎஸ்ஐஆர்) லேப், மூணாவது துறை பக்கம் வரும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் டிஎஸ்டி பக்கம், பெங்களூர்ல இருக்குற இந்திய வானியற்பியல் நிறுவனம் வழியா. 1899ல வந்த ஆய்வகம், சூரியப் புள்ளில வாயு வெளிப்பக்கமா ஓடுறத 1909ல எவர்ஷெட்ங்குற விஞ்ஞானி கண்டுபிடிச்சது அங்கதான். கோடை லீவுக்கு கொடைக்கானல் போறவங்க படகு விட்டுட்டு வந்துராம பிள்ளைகள அங்கயும் கூட்டிட்டுப் போங்க.

டிஎஸ்டி பெரும்பாலும் கொள்கை வகுக்குறதும் பணம் குடுக்குறதும்தான், தன் கைல பெரிய லேப் வச்சு ஆராய்ச்சி பண்ற துறை இல்ல. நம்ம காலேஜ் லேப்ல சில கருவில ஃபிஸ்ட்னு ஸ்டிக்கர் ஒட்டிருக்கும் பாருங்க, அது இவங்க குடுத்த காசுல வாங்குனது. மானக்குக்கு தாய்த்திட்டமான இன்ஸ்பயர் 2008ல வந்துச்சு, அப்ப துறைச் செயலரா இருந்தவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர் டி. ராமசாமி, அதுக்கு முன்ன சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரா இருந்தவர்.

தேனி மலையடி:

எங்க தேனி பக்கம் பொட்டிப்புரத்துல மலைய குடைஞ்சு நியூட்ரினோங்குற நுண்துகள ஆராய கொண்டாந்த ஆய்வகத் திட்டத்துக்கும் அணுசக்தித் துறையோட சேந்து காசு போட்டது இதே டிஎஸ்டிதான், அதையும் சொல்லுங்க. மலையடில இருக்குற ஜனங்க வேணாம்னாங்க, தமிழ்நாடு அரசும் வேணாம்னு சுப்ரீம் கோர்ட்ல சொல்லிருச்சு. பள்ளிப் பிள்ளைக்கு பத்தாயிரம் குடுக்குறது நல்ல காரியம், மறுக்கல. அதே மாதிரி ஒரு ஊருக்குள்ள பெரிய திட்டம் கொண்டாரும்போது அந்த ஊர்க்காரங்க கிட்டயும் முதல்லயே உக்காந்து பேசணும்.

பல்கலைநகர் ஆய்வு மாணவி:

அண்ணே, நீங்க சொல்றது நியாயம்தான். அந்தத் திட்டத்துக்கான 85 டன் மாதிரிக் காந்தம் மதுரையிலயே ஓடிட்டு இருக்கு, அறிவியலா பாத்தா நல்ல வேலை. ஆனா ஜனங்களோட பயத்துக்கு பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு துறைக்குத்தான் இருக்கு. அத தனியா பேசுவோம், டீச்சரோட கேள்வி திசை மாறிரும்.

உசிலை டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பூக்காடு அண்ணே, மஞ்சத்தாள் விசயத்த பிள்ளை கிட்ட சொன்னேன், அம்மா கூட போயி எண்ணிப் பாத்து எழுதிட்டு வரேன்னுச்சு. ஹெச்எம் கிட்ட இங்க நீங்க எழுதுனத காட்டுனேன், சரி அதையே ஏத்துங்கன்னுட்டார். இன்னொண்ணு, எங்க அக்கா மக பிளஸ் டூல நல்ல மார்க், பிஎஸ்சி பிசிக்ஸ் சேரப்போறா, அவளுக்கும் இதுல ஏதாச்சும் இருக்கா?

பல்கலைநகர் ஆய்வு மாணவி:

இருக்கு டீச்சர். இன்ஸ்பயர் ஸ்காலர்ஷிப்னே தனியா ஒண்ணு, வருசம் 80,000 ரூபா. போர்டு எக்ஸாம்ல மேல வர்ற ஒரு சதவீதத்துக்குள்ள இருக்கணும், பிஎஸ்சி மாதிரி அடிப்படை அறிவியல் படிப்பா இருக்கணும், இன்ஜினியரிங் டாக்டர் படிப்புக்கு கிடையாது. அந்த 80,000ல 60,000 கைக்கு வரும், மிச்சம் 20,000 லீவுல ஒரு பேராசிரியர் கிட்ட புராஜெக்ட் பண்றதுக்கு. காலேஜ்ல சேந்த உடனே அறிவிப்பு எப்ப வருதுன்னு பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, கடைசி தேதி தாண்டுனா ஒண்ணும் பண்ண முடியாது.

மேலூர் வாத்தியார்:

டீச்சர் மறந்துறாதீங்க, பதிவு பண்றப்ப பாஸ்புக்ல இருக்குற பேரும் ஆதார்ல இருக்குற பேரும் ஒரே மாதிரி இருக்கானு பாத்துருங்க. இனிஷியல் ஒண்ணுல முன்னாடி, ஒண்ணுல பின்னாடினு இருந்து செலக்ட் ஆன பிள்ளைக்கே பணம் வராம நின்னத பாத்திருக்கேன். வித்தியாசம் இருந்தா இப்பவே பேங்க்ல குடுத்து சரி பண்ணிருங்க.