கல்லடியில் சார்ஜ் போட்டதில் 550 ரூபா வித்தியாசம், காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

களுவாஞ்சிக்குடி லீஃப்:
என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு நிசான் லீஃப், மின்சாரக் கார். பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் கோடு 12இல் 9 தான் மிச்சம். அம்மாவை மாதாமாதம் மட்டக்களப்புக்குக் கிளினிக் கூட்டிப்போவது இதில்தான். ஒவ்வொரு சார்ஜையும் சீ.ஆர் கொப்பி ஒன்றில் எழுதி வைப்பேன். அதைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

போன மாதம் காலை 6 மணிக்கு, கல்லடிப் பக்கம் ஓர் இடத்தில் வேக சார்ஜர்: 24 நிமிடம், 9.1 யூனிட், 1,200 ரூபா. இந்த மாதம் அதே சார்ஜர், பகல் 1 மணி. அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் நேரே வந்தேன். 35 நிமிடம், 9.4 யூனிட், 1,750 ரூபா. கூடினது 0.3 யூனிட் மட்டும்.

விலைப் பலகை எங்கேயும் இல்லை. காசு வாங்கும் பொடியனிடம் கேட்டால், "மெஷின் காட்டுறதுதான் அண்ணன்" என்கிறான். பில்லும் தரவில்லை. பெற்றோல் செட்டில் லீற்றர் விலையைப் பார்த்துவிட்டுத்தானே அடிக்கிறோம்? அம்மாவின் மருந்துக்கு எடுத்து வைத்த காசில் இருந்துதான் கொடுத்தேன். விலையைக் கூட்டிவிட்டார்களா, என் காரில் பிழையா?

அக்கரைப்பற்று வயர்மேன்:
விலை கூடவில்லை தம்பி. 1,200ஐ 24ஆல் பிரித்துப் பாருங்கள், 50. 1,750ஐ 35ஆல் பிரித்தாலும் 50. அவர்கள் விற்பது கரண்டை அல்ல, நிமிடத்தை.

லீஃப் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது. உச்சி வெயிலில் 65 கிலோமீற்றர் ஓடிவந்த சூட்டோடு வேக சார்ஜரில் மாட்டினால், பற்றரி கெடாமல் இருக்கக் காரே கரண்டைக் குறைத்து எடுக்கும். பாதிக்கு மேல் ஏறின பிறகு இன்னும் மெதுவாகும். யூனிட் கணக்கில் பார்த்தால் முதல் தரம் 132 ரூபா, இந்தத் தரம் 186 ரூபா கொடுத்திருக்கிறீர்கள். புதிய கார்க்காரன் அதே 35 நிமிடத்தில் இரண்டு மடங்கு ஏற்றிக்கொண்டு போவான். பழைய கார் வைத்திருக்கிற ஆள்தான் கூடக் கொடுக்கிறார். எனக்கு மனம் கொதிப்பது அதில்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரலில் இருந்து புதிதாகப் பூட்டும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான சார்ஜர்களில், வழியில் வந்து போடுகிறவருக்கு விலை யூனிட் கணக்கில்தான். இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு வேண்டுமானால் நிமிடக் காசு தனியாகப் போடலாம்.

பொத்துவில் விடுதி:
என் விடுதியிலும் ஒரு சார்ஜர் இருக்கிறது, அதனால் கடைக்காரன் பக்கமும் சொல்கிறேன். முதலில் நானும் நிமிடம்தான் வைத்தேன். அறுகம்பைக்கு வருகிறவர்கள் காரை மாட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவார்கள், பின்னால் வந்தவர் காத்துக் கிடப்பார். இப்போது யூனிட் விலை ஒன்று. சார்ஜ் முடிந்து 15 நிமிடத்துக்குப் பிறகு நிமிடக் காசு. இரண்டையும் சார்ஜருக்கு மேலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை எங்களுக்கே கரண்ட் விலை கூடுதல், அந்த நேரத்து விலையும் அதிலே இருக்கிறது. எழுதின நாளில் இருந்து காசு வாங்கும்போது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

காத்தான்குடி:
விடுதிக் காக்கா (அண்ணன்) சொல்வது சரி. அடுத்த தரம் பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். தராவிட்டால் அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

களுவாஞ்சிக்குடி லீஃப்:
எல்லாருக்கும் நன்றி. வயர்மேன் அண்ணன், அந்தப் பிரித்தல் கணக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

இன்று கொப்பியோடு போய் முதலாளியிடமே கதைத்தேன். நிமிடக் கணக்குத்தான் என்று ஒத்துக்கொண்டார். சண்டை பிடிக்கவில்லை. இரண்டு நாள் கணக்கையும் அவர் முன்னால் விரித்து வைத்தேன், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். யூனிட் விலைக்கு மாற்றுவது பற்றி யோசிக்கிறேன் என்றார். அதற்கு முதல் இருக்கிற விலையையாவது எழுதிப் போடுங்கள் என்றேன். பொடியன் பிஸ்கட் பெட்டி மட்டையைக் கிழித்து "1 நிமிடம் 50 ரூபா" என்று எழுதி, சார்ஜர் வயரில் கட்டிவிட்டான். மழை பெய்தால் கரைந்துவிடும். அடுத்த கிளினிக் 18ஆம் திகதி, அன்று போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.