காலி டிரம் எங்கே போகிறது? பாலம், பணிமனை வேலையில் பார்த்ததை எழுதுங்கள்

மண்டபத்துக்காரன்

பாலம், சாலை வேலைகளில் சேஃப்டி சூப்பர்வைசராகப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஹெல்மெட், பெல்ட் பற்றி எல்லாரும் பேசுகிறோம். காலியான டிரம்மைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது உறைத்த கதையை முதலில் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்துக்கு வடக்கே, ஓடை ஒன்றின் மேல் பாலம் போட்டுக்கொண்டிருந்தோம். ஒப்பந்ததாரர் பெயர் வேண்டாம். காங்கிரீட் ஊற்றியதும் ஈரம் சீக்கிரம் காயாமல் இருக்க மேலே அடிக்கிற க்யூரிங் காம்பவுண்டு 200 லிட்டர் நீல டிரம்மில் வரும். நாங்கள் வாங்கியது ரெசின் வகை, அதில் தின்னர் மாதிரி கரைப்பான் கலந்திருக்கும். காலியானதும் ஸ்டோருக்குப் பின்னால் வரிசையாக நிற்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஒரு அக்கா அதில் ஒன்றைச் சும்மாடு வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டோரமாகப் போனார். வண்டியை நிறுத்திக் கேட்டேன். "வாட்ச்மேன் அண்ணந்தான் குடுத்தாரு தம்பி. தண்ணி பிடிச்சு வைக்க. லாரி வாரத்துக்கு ஒரு தடவதானே வருது?"

நம் பக்கம் தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலையாத தெரு எது? மூடியோடு ஒரு நீல டிரம் என்றால் அது பெரிய சொத்து. வாட்ச்மேன் காசு வாங்கவில்லை, உதவியாகத்தான் கொடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை. அதில் என்ன இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் நான்தான்.

ஸ்டோர் கணக்கைப் புரட்டினால் பதினொரு டிரம் குறைந்தது. மறுநாள் குப்பத்துக்குப் போனேன். ஏழு கிடைத்தது. சாம்பல், புளி, சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்திருந்தார்கள், உள்ளே பளிச்சென்று இருந்தது. ஆனால் வெயிலில் நின்ற டிரம்மின் மூடியைத் திறந்து முகர்ந்தால் லேசாகப் பெயிண்ட் வாடை. பிளாஸ்டிக் கரைப்பானை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது. ஒரு டிரம்மில் குடிதண்ணீரே இருந்தது. "வாசம் வருதுன்னு காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று ஒரு ஆத்தா சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அபாயகரக் கழிவு விதிகள் 2016, முதல் அட்டவணை, 33.1. ரசாயனம் ஒட்டிய காலி டிரம்மே அபாயகரக் கழிவுதான். 90 நாளுக்கு மேல் சைட்டில் வைக்கக் கூடாது. படிவம் 3இல் கணக்கு எழுத வேண்டும். வண்டி ஏற்றும்போது படிவம் 10, ஏழு பிரதி, ஒவ்வொன்றும் ஒரு நிறம், வெள்ளைப் பிரதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. எங்கள் கோப்பில் எல்லாம் இருந்தது. டிரம்தான் இல்லை. இன்னொன்று, எச்சரிக்கை லேபிளில் தமிழும் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் லேபிளில் இங்கிலீஷ் மட்டும்தான்.

"ஏழையும் வாங்கிட்டு வந்துரு" என்றார் மேனேஜர். வெறுங்கையோடு போய் எப்படி வாங்குவது? புது டிரம் ஏழு வாங்கிக் கொடுங்கள், மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். நாலு நாள் வாக்குவாதம். கடைசியில் கொடுத்தார்கள். பரமக்குடியில் வாங்கி, டாட்டா ஏஸில் ஏற்றிப் போய், ஒன்றுக்கு ஒன்று மாற்றினேன். மீதி நாலு இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது நான் போகிற சைட்டில் எல்லாம் காலியான அன்றே டிரம்மின் அடியில் நாலு ஓட்டை. ஆனால் கரைப்பான் இல்லாத சரக்கு வந்த பிளாஸ்டிக் டிரம்முக்கு மட்டும்தான் டிரில். கரைப்பானோ தின்னரோ வந்த டிரம் என்றால் ஓட்டையே போட வேண்டாம்; டிரில், உளி, சுத்தியல், கேஸ் கட்டர் எதுவும் வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கிற ஆவி வெடிக்கும். அதை மூடி முறுக்கி, எண் போட்டு, பூட்டின அறையில் வைத்து, அப்படியே அனுப்ப வேண்டியதுதான். அடுப்பு செய்யக் கேட்டு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

பழைய மெக்கானிக், ராமநாதபுரம்

தம்பி, நான் பஸ் பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர்ப் பணிமனை என்று கேட்காதீர்கள். எங்களுக்குக் கழிவு ஆயில். கரையானுக்கு அடிக்க, பனை வாரைக்குப் பூச, வத்தைக்கு (சின்னப் படகு) அடியில் தடவ என்று தினம் ஒருவர் கேனோடு நிற்பார். என் பெரியம்மா மகன் கடலுக்குப் போகிறவர், "அஞ்சு லிட்டர் குடுடா, உனக்கு என்ன குறைஞ்சு போகுது" என்பார். நானும் ஆரம்பத்தில் கொடுத்திருக்கிறேன்.

பிறகு ஒருநாள் அவர் வத்தையைத் தள்ளி இறக்கும்போது நானே கூட நின்றேன். தண்ணீர் இடுப்பளவு, அடியில் தாழை, அதாவது கடற்புல், தெரிகிறது. வத்தையைச் சுற்றி வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் விரிந்து போனது. நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் அந்தத் தாழைக்குள்தான் இருக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். அடுத்த தடவை இல்லை என்று சொன்னேன். ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓடின என்ஜின் ஆயிலில் இரும்புத் தூள், மற்ற உலோகம், கரி எல்லாம் இருக்கும். அங்கீகாரம் உள்ள மறுசுழற்சிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. அந்த ரசீதை நான் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி வைப்பேன்.

உச்சிப்புளி மகள்

எங்கள் அப்பா பாலங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கேங்கில் இருந்தவர். அப்போது முதல் கோட்டு ரெட் லெட், செந்தூர நிறம், ஈயம் கலந்தது. பழைய பூச்சை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுப்பார்களாம். முகத்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். சாயங்காலம் அதே கைலியோடு வந்து என்னை மடியில் வைத்துக்கொள்வார். அம்மா அந்தக் கைலியை எங்கள் துணியோடு சேர்த்துத்தான் துவைப்பார். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுக்கமும் வயிற்று வலியும் இருந்தது. அது எதனால் என்று எந்த டாக்டரும் அவர் செய்த வேலையைக் கேட்டதில்லை. என் தம்பி இப்போது அதே வேலைக்குப் போகிறான். அண்ணா, ஈயம் இல்லாத பெயிண்ட்தான் இப்போது வருகிறது என்கிறானே, சரிதானா?

மண்டபத்துக்காரன்

பாதிதான் சரி, தங்கச்சி. பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு (90 பிபிஎம்) மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2017 நவம்பரில் வந்தது, ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் அடிக்கிற பெயிண்டுக்கு. இரும்புப் பாலத்துப் பெயிண்டுக்கு அந்த விதி கிடையாது. அதனால் பெயிண்டில் என்ன கலந்திருக்கிறது என்று கம்பெனி தருகிற பாதுகாப்புத் தாளைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, புதுப் பெயிண்ட் எதுவாக இருந்தாலும் அவன் சுரண்டி எடுப்பது பழைய பூச்சை.

உலர்வாகத் தேய்க்க வேண்டாம், நனைத்துத் தேய்க்கட்டும். கீழே தார்ப்பாய் விரித்து, விழுகிற செதிலைக் கூட்டி மூடின டின்னில் போட வேண்டும், கடலில் தள்ளக் கூடாது. துணி மாஸ்க் போதாது, தூசி வடிகட்டுகிற மாஸ்க் கேட்டு வாங்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைத் துணி வீட்டுக்கு வரவே கூடாது. ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சோதனை உண்டு, வேலையைச் சொல்லிக் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் பாருங்கள். தம்பி எந்த சைட் என்று தனியாகச் சொல்லுங்கள், அங்கே சூப்பர்வைசர் யாரென்று விசாரித்துப் பேசிப் பார்க்கிறேன்.