மறுமொழி: ‘கேரக்டர் எல்சிடி’க்கு ‘எழுத்துத்திரை’ வேண்டாம், ‘கட்டத்திரை’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

விசைப்பலகை நிலைபொருள் (கருவிக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் நிரல்) கையேட்டில் ஓர் அத்தியாயம், ‘கேரக்டர் எல்சிடி’ எனப்படும் சிறு காட்டித்திரைக்குத் தமிழில் என்ன சொல் என்ற ஒரே கேள்விக்காக முடியாமல் கிடக்கிறது. இதுவரை வந்த முன்மொழிவுகள்: எழுத்துத்திரை, வரியுருத்திரை, எண்ணெழுத்துக் காட்டி, புள்ளியணித் திரை. நான் ‘கட்டத்திரை’ என்பதைச் சேர்க்கிறேன். நிலைபொருள், இயக்கி, அடுக்கு (விசைகளுக்குப் பொருள் தரும் ஒரு தொகுப்பு), விசை அணி (விசைகளை இணைக்கும் கம்பி வலை) ஆகிய சொற்கள் பழகிவிட்டன. அவற்றை இந்த இழையில் மறுபடியும் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> எழுத்தைக் காட்டுகிற திரை, ஆகவே எழுத்துத்திரை. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி?

ஆராய்ச்சி வேண்டாம், திரைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் போதும். நாம் பேசுவது ஹிட்டாச்சியின் ஹெச்டி44780 சில்லையும் அதன் வழிவந்த நகல்களையும் கொண்ட 16×2 (வரிக்கு 16 இடமாக 2 வரி), 20×4 திரைகளைப் பற்றி. விசைப்பலகையின் நிலைபொருள் அந்தச் சில்லுக்கு எழுத்து எதையும் அனுப்புவதில்லை. ஓர் எண்ணை அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு என்ன உருவம் என்பது சில்லின் நிலை நினைவகத்தில் முன்பே பொறிக்கப்பட்டிருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் ஏ00 வகைச் சில்லில் ஜப்பானியக் கத்தகானா எழுத்துகளும் உண்டு. அதில் 92 என்ற எண்ணை அனுப்பினால் இடச்சாய்வுக் கோடு வராது, ஜப்பானிய யென் குறி வரும். 126-ஐ அனுப்பினால் அலைக்குறிக்குப் பதில் வலப்பக்க அம்பு வரும். எழுத்தைத்தான் அனுப்புகிறோம் என்று நம்புகிற புதியவர், தன் நிரலில்தான் வழு இருக்கிறது என்று மாலை முழுவதையும் தொலைப்பார். சொல்லே அவரை அந்த நம்பிக்கைக்குள் தள்ளிவிடக் கூடாது.

இரண்டாவது சிக்கல் தமிழருக்கே உரியது. இந்தத் திரையின் ஒவ்வொரு கட்டமும் அகலத்தில் 5 புள்ளி, உயரத்தில் 8 புள்ளி. சில்லில் தமிழ் உருவங்கள் கிடையாது. நாமே வரைந்து ஏற்ற வேண்டும். ட, ப போன்றவை 5 புள்ளிக்குள் அடங்கிவிடும். ‘ண’ அடங்காது, அதை இரண்டு கட்டங்களில் பிரித்துத்தான் வரைய வேண்டும், கட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் அதன் சுழிகளுக்கு நடுவில் வெற்றுக் கோடாகத் தெரியும். ‘கொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் இலக்கணத்தில் அது ஓர் எழுத்து. ஒருங்குறியில் (யூனிகோடில்) ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு வரியுருக்கள், அதாவது தனித்தனி எண் பெற்ற இரண்டு குறிகள். இந்தத் திரையிலோ ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று கட்டங்கள். ‘16 எழுத்துகள் கொண்ட திரை’ என்று கையேட்டில் எழுதினால் படிப்பவர் 16 தமிழ் எழுத்துகளை எதிர்பார்ப்பார். ‘16 கட்டங்கள்’ என்றால் எந்த மொழிக்காரரும் ஏமாற மாட்டார்.

‘வரியுரு’ நல்ல சொல்தான். ஒருங்குறியைப் பற்றி எழுதும்போது நானும் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் மேலே சொன்ன ‘கொ’ கணக்கிலேயே அதுவும் அடிபட்டுவிடுகிறது. எண்ணெழுத்துக் காட்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூட்டுப் படமும் அம்புக்குறியும் எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை.

> சில்லைச் செய்தவர்களே தங்கள் விவரத்தாளின் தலைப்பில் ‘டாட் மேட்ரிக்ஸ்’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். அவர்களைவிட நமக்கு அதிகம் தெரியுமா?

இந்த இழையில் வந்த எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். தலைப்பு உண்மை. ஆனால் சில்லைச் செய்தவர் கண்ணாடியின் பக்கம் நின்று பார்க்கிறார். அவருடைய சில்லு புள்ளிகளுக்கு மின்னழுத்தம் கொடுத்து இயக்குகிறது. அவருக்கு அது புள்ளியணிதான். நிலைபொருள் எழுதுகிறவர் சில்லுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். தனிப் புள்ளி ஒன்றை ஏற்றவோ அணைக்கவோ அவருக்குக் கட்டளையே கிடையாது. ‘இந்தக் கட்டத்துக்குப் போ’, ‘இந்த உருவத்தை வை’ என்பவைதான் அவர் கையிலிருப்பவை. புள்ளி புள்ளியாகக் கையாளும் ஓலெட் திரைகளும் இன்று விசைப்பலகைகளில் நிறைய வருகின்றன. அவற்றுக்குப் ‘புள்ளித்திரை’யை ஒதுக்கிவிட்டால் இரண்டும் தெளிவாகப் பிரிந்துவிடும். பழைய கணிப்பான்களில் உள்ள ஏழு கூறு காட்டியையும் சேர்த்தால் கூறு, கட்டம், புள்ளி என்று ஒரு வரிசையே கிடைக்கிறது.

கட்டம் என்பது பெயருக்கு மட்டும் பொருந்துகிற சொல்லன்று. வேலையின் அலகும் அதுதான். கம்பிகளைக் குறைக்கப் பெரும்பாலோர் பிசிஎஃப்8574 என்ற இடைச்சில்லு பொருத்திய சிறு பலகையைத் திரையின் முதுகில் வைத்து, ஐ2சி என்ற இருகம்பி இணைப்பு வழியாகப் பேசுகிறார்கள். ஒரு கட்டத்துக்கான 8 பிட்டுகள் இரண்டு பாதிகளாகப் போகின்றன. ஒவ்வொரு பாதிக்கும், ‘எடுத்துக்கொள்’ என்று சில்லுக்குச் சொல்லும் இயக்கு முனையை ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்க வேண்டும். ஆக நான்கு பைட்டுகள், முகவரியோடு ஐந்து. 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு பைட்டுக்கு 90 மைக்ரோ நொடி, ஒரு கட்டத்துக்கு 450. முப்பத்திரண்டு கட்டங்களையும் எழுதி முடிக்க 14 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. அதுவரை விசைப்பலகையை நடத்தும் ஏடிமெகா32யு4 போன்ற ஒற்றைக் கருச் சில்லு அனுப்புவதிலேயே காத்துக் கிடந்தால், விசை அணியை யார் வருடுவது, அதாவது எந்த விசை அழுத்தப்பட்டது என்று யார் பார்ப்பது? க்யூஎம்கே என்ற விசைப்பலகை நிலைபொருளில் விசைத் துள்ளலுக்கு (அழுத்தியதும் தொடர்பு விட்டு விட்டுச் சேர்வதற்கு) இயல்பாக ஒதுக்கப்படும் நேரமே 5 மில்லி நொடிதான். வருடல் சுழற்சி ஒவ்வொன்றிலும் முழுத் திரையையும் எழுதும் நிலைபொருளில் தட்டச்சு பிசுபிசுக்கும். வேகமாகத் தட்டுகிறவர் உடனே உணர்வார்.

தீர்வு எளிது. திரையில் இப்போது என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு நகலை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மாறிய கட்டங்களை மட்டும் அனுப்ப வேண்டும். ‘அடுக்கு 1’ என்பது ‘அடுக்கு 2’ ஆகும்போது மாறுவது ஒரே ஒரு கட்டம். இடத்தைச் சொல்ல ஒரு கட்டளை, உருவத்துக்கு ஓர் எண், முடிந்தது. திரையைத் துடைக்கும் கட்டளையை இதில் நாடவே கூடாது. மற்றப் பெரும்பாலான கட்டளைகள் 37 மைக்ரோ நொடியில் முடிய, அது 1.52 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. திரையும் கண்ணில் படும்படி சிமிட்டும். இந்த நகலுக்குத் ‘திரைநகல்’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறேன். ‘நிழல் இடையகம்’ என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். படிக்க அழகாகத்தான் இருக்கிறது, எதன் நிழல் என்றுதான் புரியவில்லை.

> நாமே வரைந்து ஏற்றும் எட்டு உருவங்களுக்கு ‘அச்சு’ என்று வைக்கலாமே? ‘அச்சு 0’ முதல் ‘அச்சு 7’ வரை.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது, ஆனால் சில்லின் நடத்தை அதற்கு நேர்மாறானது. முத்திரையைத் தாளில் குத்திய பிறகு முத்திரைக் கட்டையைச் செதுக்கி மாற்றினாலும் தாளில் இருப்பது மாறாது. இங்கே மாறும். கட்டத்தில் இருப்பது உருவத்தின் எண் மட்டுமே. உருவம் வேறிடத்தில், 64 பைட் கொண்ட தனி நினைவகத்தில், உருவத்துக்கு 8 பைட்டாக இருக்கிறது. மூன்றாம் உருவத்தைத் திறந்த பூட்டாக வரைந்து திரையில் நான்கு இடங்களில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். பேரெழுத்துப் பூட்டு விசையை அழுத்தியதும் அந்த 8 பைட்டுகளை மட்டும் மூடிய பூட்டாக மாற்றி எழுதினால், நான்கு கட்டங்களிலும் பூட்டு தானாக மூடிக்கொள்ளும். கட்டங்களைத் தொடவே வேண்டியதில்லை. அச்சு என்ற சொல் இந்த வசதியை மறைத்துவிடுகிறது.

ஆகவே ‘உருவறை’ என்கிறேன்: உருவம் குடியிருக்கும் அறை. எட்டு உருவறைகள், எண் 0 முதல் 7 வரை. கையேட்டில் கட்டாயம் இருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் இங்கே உண்டு. சி மொழியில் 0 என்றால் சரம் (எழுத்துகளின் தொடர்) முடிந்தது என்று பொருள். சரத்தின் நடுவில் உருவறை 0-ஐ வைத்தால் அதற்குப் பின்னால் உள்ளது எதுவும் திரைக்குப் போகாது. 8 முதல் 15 வரையுள்ள எண்களும் அதே எட்டு அறைகளையே சுட்டுவதால், 0-க்குப் பதிலாக 8 என்று எழுதித் தப்பிக்கலாம்.

> கட்டம் என்றதும் இறுதிக்கட்டம், காலகட்டம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஜாதகக் கட்டமும்கூட.

வரட்டும். திரையோடு சேர்ந்து வரும்போது யாருக்கும் குழப்பம் வராது. மரம், கிளை சேர்ந்து மரக்கிளை ஆவது போலத்தான் கட்டத்திரையும்; புணர்ச்சியில் பிழையில்லை. இன்னொன்று: மின்சாரம் கொடுத்துத் தொடக்கக் கட்டளைகளை அனுப்பாமல் விட்டுப் பாருங்கள். மாறுபாட்டுத் திருகி (கான்ட்ராஸ்ட்) சரியாக இருந்தால், 16×2 திரையின் மேல் வரியில் பதினாறு கருங்கட்டங்கள் வரிசையாக நிற்கும். இந்தத் திரையை வாங்கிய பலர் அதில் முதன்முதலில் பார்ப்பதே அதைத்தான்.

தயக்கம் ஒன்று மீதம் இருக்கிறது. சில்லின் காட்சி நினைவகத்தில் 80 இடங்கள். இரண்டு வரி அமைப்பில் வரிக்கு 40. 16×2 திரையில் கண்ணுக்குத் தெரிவன 32 மட்டும். மேல் வரியின் 17ஆம் இடத்தில் எழுதியது கீழ் வரிக்கு இறங்காது; நினைவகத்தில் இருக்கும், கண்ணாடியில் இராது. இரண்டாம் வரி 64ஆம் முகவரியில்தான் தொடங்குகிறது. 20×4 திரையிலோ முதல் வரி நிரம்பியதும் மூன்றாம் வரிக்குத் தாவும், ஏனென்றால் அதன் வரிகள் 0, 64, 20, 84 என்று தொடங்குகின்றன. கண்ணாடியில் இல்லாத அந்த இடங்களையும் கட்டம் என்று சொல்வதா? நகர்த்தும் கட்டளை கொடுத்தால் அவையும் காட்சிக்கு வருகின்றன என்பதால், இப்போதைக்குக் ‘காணாக்கட்டம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் சித்தர் பாட்டு வாடை அடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வலுவான மறுப்பு வராவிட்டால் அத்தியாயத் தலைப்பை ‘நிலைபொருளிலிருந்து கட்டத்திரையை இயக்குதல்’ என்று மாற்றிவிடுகிறேன். காணாக்கட்டத்துக்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் அனுப்புங்கள்.