ஐரோப்பியவியல் முதுகலைக்கு முன் என்ன செய்யலாம்?

வணக்கம். நான் அரசியல் அறிவியல் இளங்கலை இறுதியாண்டு மாணவி. ஐரோப்பியவியல் முதுகலைக்காக, மாதம் 1,400 யூரோ வீதம் 24 மாதங்கள் வரை கிடைக்கும், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். ஆனால், என் மதிப்பெண் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியம் பற்றி ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது.

என் முதல் விருப்பம், க்ரோனிங்கன், உப்சாலா போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் யூரோகல்ச்சர் என்ற முதுகலைப் படிப்பு. பிரெஞ்சு மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலை முடித்திருக்கிறேன். இத்தகைய படிப்புகளுக்குப் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரைதான் விண்ணப்பக் காலம் என்பதால், எனக்கு மூன்று மாதங்களே மீதம் உள்ளன.

அந்தக் குறையை ஈடுகட்ட, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நடத்தும் புளூ புக் என்ற பணிப் பயிற்சியைப் பார்த்தேன். பட்டம் முடித்திருக்க வேண்டும், ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இடங்களும் குறைவு. ஒரு கோடைப்பள்ளியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட இயலவில்லை. மே 9 ஐரோப்பா தினத்தையொட்டி நடந்த இணையக் கருத்தரங்குகள் நான்கில் பங்கேற்றேன். நான்கு சான்றிதழ்கள் வந்தன, ஆனால் அவற்றை எதிரில் வைத்துக்கொண்டு நோக்கக் கடிதத்தில் மூன்று வரிக்கு மேல் எழுத முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்ததைச் சாதனையாக எழுதவும் மனம் ஒப்பவில்லை.

இளங்கலை மாணவர்கள் கட்டணமின்றிக் கட்டுரை வாசிக்கவோ வெளியிடவோ வாய்ப்பளிக்கும் மாநாடு அல்லது ஆய்விதழ் எதிலேனும் உங்களில் யாராவது நேரடியாகப் பங்கேற்றிருக்கிறீர்களா?