பழைய ஹாலிவுட் நடிகை ஜீன் டியர்னி: மனசை விட்டுப் போகாத ஒரு சீன் சொல்லுங்க

மேட்னிஷோ:
லீவ் ஹர் டு ஹெவன், 1945. பாத்தவங்களுக்கு நான் எதைச் சொல்றேன்னு புரிஞ்சிருக்கும், அந்த ஏரி. புருஷனோட தம்பி, போலியோ வந்து கால் விளங்காத சின்னப் பையன், நீந்தி நீந்திக் களைச்சுப்போய் வயித்தைப் புடிச்சுக்கிட்டு கத்துறான், ஜீன் படகுல கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. மியூசிக் கிடையாது, தண்ணி சத்தம்தான். கரைப்பக்கம் புருஷன் வர்ற சத்தம் கேட்டதுக்கப்புறம்தான் பேரைச் சொல்லி அலறிக்கிட்டு குதிக்கிறாங்க. நான் பாத்தது ராத்திரி ஒரு மணிக்கு, அப்புறம் எங்க தூங்குறது. அந்த வருஷ ஆஸ்கர் ஜோன் கிராஃபோர்டுக்குப் போச்சு, எனக்கு அது இன்னும் ஆறல.

ரெண்டுபுள்ளஅம்மா:
எனக்கு அதே படத்துல மாடிப்படி சீன். வயித்துல குழந்தையோட இருக்கறவ, செருப்பு நுனியைக் கார்ப்பெட் ஓரத்துல மாட்டிவிட்டுட்டு வேணும்னே உருண்டு விழுவா. நடிச்சவங்க வீட்டுல அப்ப என்ன நிலைமைன்னு தெரிஞ்சுட்டுப் பாத்தா அந்த சீனைப் பாக்கவே முடியாதுங்க. 1943ல மாசமா இருந்தப்ப ஹாலிவுட் கேன்டீனுக்குப் போயி பட்டாளத்துக்காரங்களுக்குப் பரிமாறினாங்கல்ல, அங்க ருபெல்லா தொத்திக்கிச்சு, வயித்துல இருக்கற குழந்தையைப் பாதிக்கிற அம்மை அது. அவங்க பொண்ணு டாரியா குறைமாசத்துல ஒன்றரை கிலோவுக்கும் குறைவாப் பொறந்தா, காது கேக்கல, கண்ணுல புரை, மூளை வளர்ச்சியும் இல்ல. கொஞ்ச காலம் போனப்புறம் ஒரு டென்னிஸ் பார்ட்டியில ஒரு பொண்ணு, மரைன் படையில இருந்தவ, இவங்ககிட்ட வந்து சிரிச்சுக்கிட்டே சொல்றா, எங்க கேம்ப் பூரா அம்மை, வெளிய போகக்கூடாதுன்னாங்க, உங்களைப் பாக்கணும்னே தெரியாம ஓடி வந்தேன், நீங்கதான் எனக்குப் புடிச்ச நடிகைன்னு. ஜீன் ஒரு வார்த்தை பேசாம திரும்பி நடந்துட்டாங்க. 2017ல ஸ்கூல்ல தட்டம்மை ருபெல்லா ஊசிக்கு ஃபார்ம் குடுத்தப்ப எங்க பேரன்ட்ஸ் குரூப்ல போடாதீங்க போடாதீங்கன்னு ஃபார்வேர்டா வந்து குவிஞ்சுச்சு, நான் இந்தக் கதையைத்தான் முழுசா டைப் பண்ணிப் போட்டேன். ஒரு அம்மா ராத்திரி போன் பண்ணி, அந்தக் குழந்தை டாரியா அப்புறம் எப்படி இருந்தான்னு கேட்டு அழுதாங்க. ருபெல்லா ஊசி 1969லதான் வந்துச்சு, டாரியாவுக்கு அப்ப வயசு இருபத்தஞ்சு தாண்டிருச்சு. வாழ்நாள்ல பெரும்பகுதி ஹோம்லதான்.

மலைசுத்தி:
எல்லாரும் ஏரியவே சொல்றீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். தி ரேஸர்ஸ் எட்ஜ் பாருங்க, 1946. எனக்குத் திருவண்ணாமலை, இங்கிலீஷ் எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938ல ரமணாஸ்ரமம் வந்து மயங்கி விழுந்தது, பகவான் ரமணர் போய் பக்கத்துல உக்காந்தது எல்லாம் எங்க தாத்தா காலத்துல இருந்தே வீட்டுல ஓடுற பேச்சு, மாம் எழுதின நாவல்தான் இந்தப் படம், அதுல வர்ற சாமியாருக்கு மூலம் பகவான்தான். நான் நம்ம ஊரைத் தேடித்தான் படம் போட்டேன், அவங்க ஸ்டுடியோவுல இமயமலை செட்டு போட்டுட்டாங்க, அது போகட்டும். ஆனா ஜீன் வர்ற இடம்! குடியை விட்டுட்டு திருந்தி வர்ற ஒரு பொண்ணைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, இந்தச் சரக்கு எவ்ளோ வாசனைன்னு பேசிப் பேசியே ஆசையைக் கிளப்பி, பாட்டிலை மேஜைமேல அப்படியே வச்சுட்டு எழுந்து போவாங்க. ஏரியில செஞ்சது கொலைன்னு கேஸ் போடலாம். இதுக்கு யாரு கேஸ் போடுறது?

வார்டுநர்ஸ்:
நடிப்பைப் பத்தி நீங்க பேசுங்க, எனக்கு மனசுல நிக்கிறது தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் காட் படத்தோட ஷூட்டிங்தான். டயலாக் மறந்து மறந்து போச்சு இவங்களுக்கு, கூட நடிச்ச ஹம்ஃப்ரி போகார்ட்தான் பக்கத்துல நின்னு வரி எடுத்துக் குடுத்துருக்காரு, அவர் தங்கச்சிக்கும் மனநோய் இருந்ததால பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டாரு, டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னதும் அவர்தான். அப்புறம் ஆஸ்பத்திரியில 27 தடவை தலையில கரண்ட் ஷாக் வச்சாங்க, ஞாபகத்துல பாதி போச்சுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. இதைப் படிச்சுட்டு உடனே கரண்ட் வைக்கிறதுன்னாலே கொடுமைன்னு முடிவு பண்ணிடாதீங்க, தயவுசெஞ்சு. இப்ப மயக்க மருந்தும் தசை தளர மருந்தும் குடுக்காம ஈசிடி, அதாவது இந்த ஷாக் வைத்தியம், வைக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு. சாப்பாட்டையே தொடாம, சாகணும்னே பேசிட்டிருந்தவங்க அதுக்கப்புறம் எழுந்து உக்காந்து காபி கேட்டதை நான் கண்ணால பாத்திருக்கேன். வீட்டுல யாருக்காவது அந்த நிலைமைன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயி நாளைக் கடத்தாதீங்க, ஜிஹெச்சுல மனநலப் பிரிவு இருக்கு, அரசாங்க மனநல உதவி நம்பர் 14416க்கு போன் பண்ணா எந்நேரமும் தமிழ்லயே பேசுவாங்க. மாத்திரையை நல்லாயிட்டாங்கன்னு நீங்களா நிறுத்தாதீங்க, நிறைய பேர் திரும்ப அட்மிட் ஆகறது அதனாலதான். டாக்டர்கிட்ட போறப்ப எத்தனை மணி நேரம் தூங்குறாங்கன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க.

மேட்னிஷோ:
சிஸ்டர், நல்லதுதான் சொல்றீங்க, ஆனா அவங்க அனுபவம் கொடுமைதானே. பயந்து ஆஸ்பத்திரியை விட்டே ஓடி, புடிச்சுட்டு வந்துருக்காங்க. பின்னாடி ஷாக்குக்கு எதிராவே பேசினவங்க. அதை அவங்க வாயால சொன்னபடி விட்டுடுவோம்.

கவுண்டர்நம்பர்3:
நான் ஜவுளிக்கடையில சேலை செக்ஷன். அமெரிக்காவுல கன்சாஸ்ல டொபீகான்னு ஊரு, அங்க மென்னிங்கர் கிளினிக்ங்கற மனநல ஆஸ்பத்திரியில வைத்தியம் பாத்து ஜீன் கொஞ்சம் தேறினதும், ஜனங்களோட பழகட்டும்னு ஒரு துணிக்கடையில வேலைக்கு நின்னாங்க. ஒரு கஸ்டமர் அடையாளம் கண்டுபுடிச்சு அது பேப்பர்ல எல்லாம் வந்துருச்சு. இதை எங்க படிச்சாலும் ஐயோ பாவம், அவ்ளோ பெரிய நடிகை கடையில துணி எடுத்துப் போடுற நிலைமைக்கு வந்துட்டாங்களேன்னு எழுதுறாங்க, எனக்கு அப்படியே வயிறு எரியும். உயிரை விடறதுக்குப் பதினாலாவது மாடி விளிம்புல போய் நின்னவங்க, அதைத் தாண்டி வந்து ஒரு ஆளுக்கு அளவு பாத்து கவுன் எடுத்துக் குடுக்குறாங்கன்னா அது ஏறி வந்ததா இறங்கிப் போனதா? நின்னு பாத்தாத் தெரியும், புடிக்கலைன்னு பத்து துணியைத் தள்ளிவிடுற கஸ்டமர்கிட்ட பொறுமையாப் பேசுறது சாதாரண வேலை இல்ல. 1962லயே ஓட்டோ பிரிமிங்கர் படத்துக்குத் திரும்ப வந்துட்டாங்க, முன்னாடி இவங்களை வச்சு லாரா படம் எடுத்த அதே டைரக்டர். நடுவுல அந்தக் கடை இருந்துச்சு, அதையும் அவங்க கேரியர்ல சேத்து எழுதுங்க.