கொலம்பஸ், இண்டியானா: தெருவெல்லாம் கட்சிப் பலகை, எங்களுக்குச் சிக்கல் வருமா?

புதுக்குடித்தனம்
கம்மின்ஸ் எஞ்சின் நிறுவன வேலைக்காக இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. எங்கள் தெருவில் ஒன்பது வீட்டுப் புல்வெளியில் ட்ரம்ப் பெயர் போட்ட பலகை நட்டிருக்கிறார்கள். மனைவி குழந்தையை வெளியே அழைத்துப்போகவே தயங்குகிறாள். இந்த ஊர் எந்தக் கட்சி? நம்மை எப்படி நடத்துவார்கள்? போன சனிக்கிழமை கடை வாசலில் ஒரு அம்மாள் தேர்தல் படிவம் ஒன்றை நீட்டினார். மறுத்தால் தப்பாக நினைப்பாரோ என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

பதினாறு வருடக் கொலம்பஸ்வாசி
தம்பி, இது குடியரசுக் கட்சி ஊர்தான். ட்ரம்பின் முதல் ஆட்சியில் துணை அதிபராக இருந்த மைக் பென்ஸ் பிறந்த ஊர். 1940 முதல் அதிபர் தேர்தலில் இண்டியானா ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாய்ந்தது இரண்டே முறை: 1964, 2008. அந்த 2008-இலும் நம் ஊர் இருக்கும் பார்த்தலோமியு கவுண்டி (மாவட்டம்) குடியரசுக் கட்சியின் மெக்கெய்னைத்தான் தேர்ந்தது. 2016, 2020 இரண்டிலும் பத்தில் ஆறு பேர் ட்ரம்புக்கு வாக்களித்தார்கள். ஆனால் அதோடு ஊரை முடித்துவிடாதீர்கள். கம்மின்ஸை வளர்த்த இர்வின் மில்லரும் குடியரசுக் கட்சிக்காரர்தான். மார்ட்டின் லூதர் கிங் பேசிய 1963 வாஷிங்டன் சம உரிமைப் பேரணிக்குத் தோள் கொடுத்தவர். 2015-இல் இண்டியானா ஆளுநராக இருந்த பென்ஸ், தன்பாலின ஈர்ப்பாளர்களை ஒதுக்க இடம் தரும் என்று பலர் கண்டித்த மதச் சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, அவர் பிறந்த ஊரின் பெரிய நிறுவனமான கம்மின்ஸே அதை வெளிப்படையாக எதிர்த்தது. பலகையை வைத்து வீட்டுக்காரரை எடை போடாதீர்கள்.

மதுரைக்காரி
நான் வந்தது ஜனவரியில். கார் ஓட்டத் தெரியாது. கணவர் கிளம்பினால் மாலைவரை சுவரோடுதான் பேச்சு. புளிக்கும் உளுந்துக்கும் இண்டியானாபொலிஸ் போக வேண்டும், 45 மைல். ஒருநாள் வாசல் பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் பனிவாரியோடு வந்தார், ஒரு வார்த்தை பேசாமல் கார் நிற்கும் இடம்வரை வழி வெட்டிவிட்டுப் போனார். அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒவ்வொரு பனிக்கும் வந்தார். அவர் வாசலிலும் இதே பலகைதான்.

ஓஹாயோவிலிருந்து
அது உங்கள் அனுபவம் அக்கா. 2017 பிப்ரவரியில் கான்சஸின் ஒலாத்தேயில், என் நாட்டை விட்டுப் போ என்று கத்தியவன் சுட்டு ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா இறந்தார். பயம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதுரைக்காரி
மறக்கவில்லை தம்பி. அவனைத் தடுக்கப் பாய்ந்து குண்டடிபட்ட இயன் கிரிலாட்டும் ஒரு அமெரிக்கர்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரிசையில் 12 ஆண்டு
எந்தக் கட்சியானால் நமக்கென்ன? வரி கட்டுகிறோம், வாக்கு இல்லை. நிரந்தரக் குடியிருப்புக்கான பச்சை அட்டையில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பை இரண்டு கட்சியும் அப்படியே வைத்திருக்கின்றன. என் மகள் 21-ஐ நெருங்குகிறாள். அதன்பின் என் பச்சை அட்டை வரிசையில் அவளுக்கு இடம் இருக்குமா என்று இரவெல்லாம் கணக்குப் போடுகிறேன்.

சிகாகோ கணக்கர்
பொறுங்கள். தம்பி ஏதோ கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறார், அதை ஒருவரும் கேட்கவில்லை. எந்த விசா? படிவத்தில் பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண் கேட்டதா? அமெரிக்கக் குடிமகனா என்ற கட்டத்தில் என்ன குறித்தீர்கள்?

புதுக்குடித்தனம்
எச்-1பி வேலை விசா. பிறந்த தேதி, உரிம எண் இரண்டும் கேட்டது. மேலே சில கட்டங்கள் இருந்தன. அந்த அம்மாள் விரல் வைத்த இடத்திலெல்லாம் டிக் அடித்தேன். சிறிய சீட்டு ஒன்று கிழித்துக் கொடுத்தார்.

சிகாகோ கணக்கர்
அப்படியென்றால் அது வாக்காளர் பதிவுப் படிவம். கட்சி ஆதரவுக் கையெழுத்து என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால், 1996 சட்டப்படி நாடு கடத்தவும் பச்சை அட்டையை மறுக்கவும் அது காரணமாகலாம். நாளைக் காலையே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். தெரியாமல் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்குப் பதிவை ரத்து செய்யச் சொல்லி எழுதும் கடிதம் அவர் பார்த்த பிறகே போகட்டும். முத்திரையிட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் குடியுரிமை விண்ணப்பத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று தனிக் கேள்வியே உண்டு. வாக்காளர் அட்டை தபாலில் வந்தாலும் சாவடிப் பக்கம் போகாதீர்கள், அது குற்றம். எச்-1பியில் இருக்கும்வரை எந்த வேட்பாளருக்கும் நன்கொடையும் கூடாது. உரிமம் புதுப்பிக்கும்போதும் இதே கேள்வி வரும். இல்லை என்று மட்டும் குறியுங்கள்.

புதுக்குடித்தனம்
சீட்டு குழந்தையின் மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே இருந்தது, எடுத்து வைத்துவிட்டேன். காலையில் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வழக்கறிஞரைப் பார்க்கிறேன்.

மதுரைக்காரி
நீங்கள் போய் வாருங்கள் தம்பி. விலாசம் தனிச்செய்தியில் அனுப்புங்கள். உங்கள் மனைவியையும் குழந்தையையும் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். வீட்டில் தோசை மாவு இருக்கிறது.